அந்தி நேரப் பதவி ஏற்பு!

2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15ஆம் நாள், நமக்கு அடுத்த வீடான கேரளத்திலே, கூத்தாட்டுக்குளம் எனும் ஊரிலே, மருத்துவம் பெற வந்து தங்கியிருந்த ஒரு முதியவர், காலையில் உலவிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தார். பிறகு எழவில்லை. வயது 80. பெயர் ரெய்லா ஒடிங்கா. நம் பக்கத்தில் அது ஒரு மூலைச் செய்தி. கென்யா நாட்டிலோ, கடல் கரை மீறியதுபோல் மக்கள் திரண்டு கண்ணீர் வடித்தனர்.

ஐந்து முறை அந்த நாட்டின் தலைமைப் பதவிக்கு நின்றவர் அவர். 1997, 2007, 2013, 2017, 2022. ஐந்து முறையும் தோற்றார். இல்லை, தோற்றார் என்று அறிவிக்கப்பட்டார்! அந்த 'அறிவிக்கப்பட்டார்' என்ற ஒரு சொல்லுக்கு அடியிலே, 2007ஆம் ஆண்டுக் கணக்கில் மட்டும், 1,133 பிணங்கள் கிடக்கின்றன.

அந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். காரணம் இருக்கிறது. பொதுத் தேர்தல் முடியும்போதெல்லாம் நம் தோழர்கள் முகத்திலே இரு நோய்களைக் காண்கிறேன். வென்ற பக்கத்தான் முகத்திலே வெறி. தோற்ற பக்கத்தான் முகத்திலே கிலி. "அண்ணே! இனி நம்மை இந்த ஊரில் வாழ விடுவார்களா?" என்று கேட்கிறான் ஒருவன். "மில் வாசலில் பத்தாண்டு ஒன்றாக நின்று டீ குடித்தவன், முடிவு வந்த நாளிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான்" என்கிறான் இன்னொருவன். அஞ்சாதே என்று மேடையில் முழங்குவது எளிது. முழங்கிவிட்டு நாம் காரேறிப் போய்விடுவோம். அந்தத் தெருவில் இரவு படுத்துறங்க வேண்டியவன் அவன்! ஆகவே, அஞ்சாதே என்று நான் சொல்லப் போவதில்லை. அச்சம் எங்கே பிறக்கிறது, யார் அதை வளர்க்கிறார்கள், எது அதைக் குறைக்கிறது? இந்த மூன்றையும் கென்யா நாட்டு மக்கள் குருதி கொடுத்துக் கற்றார்கள். நாம் காது கொடுத்தாவது கற்கலாமே!

1963 டிசம்பர் 12இல் வெள்ளையனிடமிருந்து விடுதலை பெற்ற நாடு அது. கிக்கூயூ, லுவோ, கலெஞ்சின், லூயா, கம்பா, கிசி என்று நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள். எந்த ஓர் இனமும் பாதித் தொகைகூட இல்லை. எல்லோரையும் அடிமை கொண்டவன் ஒருவன். எல்லோரையும் பிரித்து வைத்தவனும் அவனே. ரிஃப்ட் பள்ளத்தாக்கு என்று ஒரு வளம் கொழிக்கும் பகுதி. அங்கே காலகாலமாக மாடு மேய்த்தவனையும் ஏர் பூட்டியவனையும் விரட்டிவிட்டு, இது வெள்ளையருக்கு மட்டுமே உரிய நிலம் என்று கோடு கிழித்தான். விடுதலை வந்தது. கோடு அழிந்ததா? அழிந்தது. நிலம் பறிகொடுத்தவனிடம் திரும்பிற்றா? அதுதான் இல்லை! பணமும் ஆட்சிப் பீடத்தின் உறவும் எவனிடம் இருந்ததோ அவனிடம் போயிற்று. வேற்றிடத்து ஏழைகளும் அங்கே குடியேற்றப்பட்டார்கள். பெரும் பண்ணைகளை வளைத்த பெரியவர்கள் நைரோபியின் மாளிகைகளிலே இருந்தார்கள். கண்ணுக்கெதிரே இருந்தவன், இரண்டு ஏக்கர் சோளம் போட்டுப் பிழைத்த குடியேறி! ஆத்திரம் யார் மீது பாயும்? மாளிகை எட்டாத தொலைவு. குடிசையோ கைக்கெட்டும் தூரம். 1992 தேர்தலிலும் அது எரிந்தது. 1997 தேர்தலிலும் எரிந்தது.

இனம் பாராமல் மக்களை இணைக்க முயன்றவர் அங்கே இல்லாமற் போகவில்லை. டாம் எம்போயா என்றொரு தொழிற்சங்கத் தலைவர். பிறப்பால் லுவோ, ஆனால் நைரோபித் தொழிலாளி, எந்த இனத்தானாயினும், அவர் பின்னே நின்றான். 1969 ஜூலை 5ஆம் நாள், நைரோபித் தெருவிலே, பட்டப்பகலிலே, அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இனங்களுக்கிடையே கட்டப்பட்டு வந்த பாலத்தின் முதல் தூண் அன்று சாய்ந்தது.

இனி 2002க்கு வருவோம். முவாய் கிபாகி, கிக்கூயூ இனத்தவர். ரெய்லா ஒடிங்கா, லுவோ. இருவரும் கை கோத்தார்கள். தலைமைப் பதவிக்குத் தான் நிற்காமல், "கிபாகி போதும்!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கூவினார் ரெய்லா. மக்கள் கொட்டிக் கொடுத்தார்கள் வாக்குகளை. 24 ஆண்டுக்கால மோய் ஆட்சி ஒழிந்தது. 2002 டிசம்பர் 30ஆம் நாள், நைரோபியின் திறந்தவெளிப் பூங்காவிலே, நண்பகல் வெளிச்சத்திலே, இலட்சக்கணக்கான மக்கள் முன்னிலையிலே, கார் விபத்தில் அடிபட்ட காலுக்குக் கட்டுப் போட்டுச் சக்கர நாற்காலியில் வந்த கிபாகி பதவி ஏற்றார். அந்தக் காட்சியை நினைவில் வையுங்கள், தோழர்களே! பின்னால் தேவைப்படும்.

கொடுத்த உறுதிமொழிகள் காற்றில் போயின. கூட்டணி உடைந்தது. 2005 நவம்பரில் புதிய அரசியல் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று மக்கள் வாக்கு. எழுதப் படிக்கத் தெரியாதாருக்காகச் சின்னம் கொடுத்தார்கள்: வேண்டும் என்பதற்கு வாழைப்பழம், வேண்டாம் என்பதற்கு ஆரஞ்சு. கிபாகியின் வாழைப்பழம் தோற்றது. ரெய்லாவின் ஆரஞ்சு வென்றது. ஆரஞ்சே பின்னர் அவர் கட்சிக்குப் பெயராயிற்று! சின்னத்தின் வலிமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2007 டிசம்பர் 27. மக்கள் விடியுமுன்னரே வரிசையில் நின்றார்கள். அமைதியாக வாக்களித்தார்கள். முதலில் வந்த எண்ணிக்கையில் ரெய்லா முன்னணி. நாடாளுமன்ற இடங்களில் அவர் கட்சிக்கு 99. கிபாகி கட்சிக்கு 43. அமைச்சர்கள் பலர் மண்ணைக் கவ்வினர். ஆனால் தலைமைப் பதவிக்கான கணக்கு மட்டும் வரவில்லை. சில தொகுதிகளின் தாள்கள் வந்தபாடில்லை. வந்த தாள்களில் எண்கள் மாறியிருக்கின்றன என்று குரல் எழுந்தது. ரெய்லாவின் முன்னணி மணிக்கு மணி தேய்ந்தது. முடிவு அறிவிக்கும் மண்டபத்திலே கூச்சல், குழப்பம். துப்பாக்கி ஏந்தியவர்கள் புகுந்தார்கள். செய்தியாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 30ஆம் நாள் மாலை, அரசு ஒளிபரப்பு ஒன்றிலே மட்டும், தேர்தல் ஆணையத் தலைவர் தோன்றி அறிவித்தார்: கிபாகி 45,84,721, ரெய்லா 43,52,993.

அறிவிப்பின் சூடு ஆறவில்லை. அந்தி மயங்கிக்கொண்டிருந்தது. ஆளுநர்கள் வாழ்ந்த அந்த மாளிகைப் புல்வெளியிலே, அவசர அவசரமாக நாற்காலிகள் போட்டு, பொதுமக்கள் ஒருவரும் இல்லாமல், கிபாகி மீண்டும் பதவி ஏற்றார். அதே டிசம்பர் 30! ஐந்தாண்டுக்கு முன் நண்பகலில், மக்கள் கடலின் நடுவே பதவி ஏற்ற அதே மனிதர், அன்று இருட்டுக்கு முன் முடித்துவிட வேண்டுமென்ற பரபரப்போடு பதவி ஏற்றார். அன்றிரவே நேரடி ஒளிபரப்புக்குத் தடை. 'கிபாகிதான் வென்றாரா என்று எனக்கே தெரியாது' என்ற பொருள்பட, முடிவை அறிவித்த ஆணையத் தலைவர் சாமுவேல் கிவுய்ட்டுவே சில நாளில் சொன்னார். அறிவித்தவருக்கே தெரியாது, அடித்துக்கொண்டு செத்தவனுக்கு எப்படித் தெரியும்?

எரிந்தது நாடு. 2008 ஜனவரி முதல் நாள், எல்டோரெட் நகருக்கருகே கியம்பா என்ற சிற்றூரிலே, மாதா கோயிலுக்குள் தஞ்சம் புகுந்திருந்த கிக்கூயூப் பெண்களும் குழந்தைகளும் உயிரோடு கொளுத்தப்பட்டனர். அதே மாதக் கடைசியில் நைவாஷாவிலே லுவோக் குடும்பங்கள் ஒரு வீட்டுக்குள் அடைக்கப்பட்டுக் கொளுத்தப்பட்டன. இதற்கு அது பதில், அதற்கு இது பதில்! மாண்டவர் 1,133 பேர் என்று நீதிபதி வாக்கி தலைமையிலான விசாரணைக் குழு கணக்கெடுத்தது. அவர்களில் 405 பேர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானவர்கள். துப்பாக்கி யார் கையில் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அடிதடி மக்களிடையே மட்டும் நடக்கவில்லை என்பது விளங்கும். வீடிழந்து ஓடியவர்கள் ஆறு இலட்சத்துக்கும் மேல்.

சாலைக்குச் சாலை கல்லும் மரமும் போட்டு மறித்தனர் வாலிபர்கள். வந்த வண்டியை நிறுத்துவார்கள். அடையாளச் சீட்டை எடு என்பார்கள். படத்தைப் பார்ப்பதில்லை, பெயரைப் பார்ப்பார்கள். அங்கே பெயர் சொல்லிவிடும் இன்ன இனம் என்று. பெயர் ஒத்துவந்தால் வழி, வராவிட்டால் வெட்டு!

இதைப் படித்தபோது, 1929இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு என் நினைவுக்கு வந்தது. பெயருக்குப் பின்னே தொங்கும் சாதிப் பட்டத்தை விட்டொழியுங்கள் என்று அன்று தீர்மானம் போட்டபோது, பெயரில் என்ன இருக்கிறது என்று நகைத்த அறிவாளர்கள் உண்டு. பெயரில் என்ன இருக்கிறது என்று ஜனவரி 2008இல் நகூரு சாலையில் நின்றவனைக் கேட்டிருக்க வேண்டும்! சாதிச் சண்டை நம் நாட்டில் ஒழிந்துவிட்டது என்று நான் மார்தட்டவில்லை. ஒழியவில்லை. ஆனால், பெயரைக் கேட்டதுமே கத்தியைத் தீட்டும் வேலையை எளிதாக்காமல் இருப்பதும் ஒரு தற்காப்புத்தான்.

தொழிலாளத் தோழர்களே! நைவாஷாவிலே ஓர் ஏரி. ஏரியைச் சுற்றிலும் பூப்பண்ணைகள். ஐரோப்பாவின் மேசைகளுக்குப் போகும் ரோசாப்பூ அங்கே விளைகிறது. கண்ணாடித்தாள் கொட்டகைகளுக்குள்ளே கிக்கூயூவும் லுவோவும் லூயாவும் ஒரே வரிசையில் நின்று, ஒரே முள் குத்தி, ஒரே குறைந்த கூலி வாங்கினார்கள். கூலி போதவில்லை என்று ஒன்றாகப் புலம்பினார்கள். அந்த ஒரு கிழமையிலே என்ன ஆயிற்று? மேற்கிலிருந்து வந்த தொழிலாளர்கள், சம்பளப் பாக்கியைக்கூட வாங்காமல், காவல் நிலையத்து முற்றத்திலும் சிறைச்சாலை வளாகத்திலும் அடைக்கலம் தேடி ஓடினர். கெரிச்சோவின் தேயிலைத் தோட்டங்களிலே கிசி இனத் தொழிலாளர்கள் லயங்களிலிருந்து விரட்டப்பட்டனர்.

எண்ணிப் பாருங்கள். "நேற்றுவரை உன்னோடுதானே உண்டேன்?" என்று கேட்டிருப்பான் ஒருவன். "நேற்றுவரை நீ யாருக்கு வாக்களித்தாய் என்று எனக்குத் தெரியாதே!" என்றிருப்பான் மற்றவன். ரகசிய வாக்கு என்று சட்டம் சொல்கிறது. பெயரைப் பார்த்தே வாக்கைக் கணித்தது வெறி. போராட்டம் முடிந்து அவர்கள் திரும்பியபோது ஆள் குறைந்த கொட்டகையிலே கூலி உயர்ந்து கிடந்ததா? பூ பறிக்கும் கத்தியின் முனை மட்டுமே மழுங்கியிருந்தது.

அச்சத்தை வளர்த்தவர்களைச் சொன்னேன். அதை எதிர்த்து நின்றவர்களையும் சொல்ல வேண்டும். வடகிழக்கே வஜீர் என்ற வறண்ட மாவட்டம். டேகா இப்ராகிம் அப்தி என்ற பெண்மணி அந்த ஊர்க்காரர். 1990களின் தொடக்கத்திலே அங்கே குலச் சண்டை. சந்தையிலே ஒரு குலத்துப் பெண் இன்னொரு குலத்துப் பெண்ணிடம் பால் வாங்கக் கூடாது, விற்கக் கூடாது என்ற நிலை. டேகாவும் சில பெண்களும் என்ன செய்தார்கள்? மாநாடு போட்டார்களா? இல்லை. சந்தைக்குப் போனார்கள். எந்தக் குலத்தாளும் விற்கலாம், எந்தக் குலத்தாளும் வாங்கலாம் என்று பேசி முடித்தார்கள். மீறினால் தாங்களே சென்று தீர்த்து வைத்தார்கள். பெண்கள் அடங்கியபின் முதியவர்களிடம் போனார்கள், பிறகு இளைஞர்களிடம். சண்டை அடங்கிற்று. அந்த அம்மையார்தான், 2007 டிசம்பர்க் கடைசியில் நாடு எரியத் தொடங்கியதும், ஓய்வுபெற்ற படைத்தலைவர்கள் இருவரையும் ஒரு முன்னாள் தூதரையும் சேர்த்துக்கொண்டு, நைரோபியிலே நாள்தோறும் காலையில் கதவைத் திறந்து வைத்து எல்லாக் கட்சியாரையும் உட்கார வைத்தவர். 2011இல் ஒரு கார் விபத்து அவரைக் கொண்டுபோய்விட்டது.

கிபேரா என்று நைரோபியிலே ஒரு பெரிய சேரி. தகரக் கூரைகளின் நடுவே ரெயில் பாதை ஓடுகிறது. நம் நாட்டுக் கூலிகள் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்து சென்று, இரண்டாயிரத்துக்கு மேல் மாண்டு, 1901இல் முடித்துக் கொடுத்த பாதையின் வழிவந்தது அது. அந்தத் தண்டவாளத்தை ஆத்திரக்காரர்கள் பெயர்த்து எறிந்தார்கள். அதே சேரியிலே ஓர் ஓவியன், எரிந்த சுவர், எரியாத சுவர் எல்லாவற்றிலும், கென்யர்களே அமைதி காப்பீர் என்று வண்ணத்தால் எழுதிக்கொண்டே போனான். எழுதிய சுவரெல்லாம் பிழைத்தன என்று நான் கதை கட்டமாட்டேன். ஆனால் விடிந்ததும் வெளியே வந்தவன் கண்ணில், வசைக்கு முன்னால் அந்த வரி பட்டது.

இனி, பெரிய மனிதர்களின் உடன்பாடு. கோஃபி அன்னான் 2008 ஜனவரி 22இல் வந்தார். பிப்ரவரி 28இல் கிபாகியும் ரெய்லாவும் கையெழுத்திட்டனர். ஒருவர் தலைவர், மற்றவர் பிரதமர். தீ அணைந்தது, வாழ்த்தத்தான் வேண்டும். பிறகு, தென்னாப்பிரிக்க முன்னாள் நீதிபதி கிரீக்லர் தலைமையிலான குழு தேர்தலை ஆராய்ந்து சொன்னது என்ன? கணக்கு அந்த அளவுக்குக் கெட்டுக் கிடக்கிறது. உண்மையில் வென்றவர் யார் என்று இனி எவராலும் சொல்ல முடியாது! இரு பக்கத்துக் கோட்டைகளிலுமே பெட்டி நிரப்பல் நடந்திருக்கிறது என்றும் சொல்லிற்று. நாற்காலியைப் பங்கிட்டுக்கொண்டார்கள், உண்மையைப் பங்கிட முடியவில்லை.

கேளுங்கள் இதையும். 2007இல் உஹுரு கென்யாட்டா கிபாகி பக்கம். வில்லியம் ரூட்டோ ரெய்லா பக்கம். எதிரெதிர் அணி. வன்முறைக்குக் காரணம் என்று அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் இருவர் மீதும் வழக்குத் தொடுத்தது. 2013இல் பார்த்தால், இருவரும் ஒரே மேடையில், ஒரே வண்ணச் சட்டையில், கூட்டணி! வென்றார்கள். கென்யாட்டா மீதான வழக்கு 2014இல் கைவிடப்பட்டது. ரூட்டோ மீதான வழக்கு 2016இல் முறிந்தது. தலைவர்கள் தழுவிக்கொண்டார்கள். தலைவர்களுக்காக அண்டை வீட்டானை வெட்டியவன், வெட்டப்பட்டவனின் பிள்ளை முகத்தில் விழித்துக்கொண்டு அதே தெருவில்தான் இருக்கிறான். தலைவர்கள் சேருவது தவறல்ல. அரசியலில் சேர்க்கையும் உண்டு, பிரிவும் உண்டு. அவர்கள் என்றைக்காவது சேருவார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்து, அண்டை வீட்டானோடு உறவை அறுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டியவன் தொண்டன்.

அச்சத்தைக் குறைத்தது எது? 2010இல் வந்த புதிய அரசியல் சட்டமும், அதன் கீழ் அமைந்த உச்ச நீதிமன்றமும். 2017 ஆகஸ்டில் கென்யாட்டா வென்றார் என்று அறிவிப்பு. தேர்தலுக்குச் சில நாள் முன்பு, ஆணையத்தின் கணிப்பொறிப் பொறுப்பாளர் கொலையுண்டு கிடந்தார். ரெய்லா நீதிமன்றம் சென்றார். கணிப்பொறியைத் திறந்து காட்டு என்றது நீதிமன்றம், ஆணையம் காட்டவில்லை. செப்டம்பர் 1ஆம் நாள், தலைமை நீதிபதி டேவிட் மராகா தலைமையில் நான்கு பேர் ஒருபுறம், இருவர் மறுபுறம்; தேர்தல் செல்லாது! ஆளுகின்ற தலைவரின் வெற்றியை ஆப்பிரிக்காவில் ஒரு நீதிமன்றம் செல்லாதென்று சொன்னது அதுவே முதல் முறை. மறுதேர்தலை ரெய்லா புறக்கணித்தார். அதன்பின்னும் கசப்பு நீண்டது. 2018 மார்ச் 9இல் இருவரும் கை குலுக்கினார்கள். எல்லாம் நேர்கோடாக நடந்தது என்று சொல்லவில்லை.

2022 ஆகஸ்டிலே பாருங்கள். 46,229 வாக்குச்சாவடிகள். ஒவ்வொரு சாவடியிலும் எண்ணி, முகவர்கள் கையெழுத்திட்ட முடிவுத் தாளைப் படமெடுத்து, நாட்டு மக்கள் அனைவரும் காணும்படி ஆணையம் வைத்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடக் கூட்டிப் பார்க்கலாம்! ரூட்டோ 50.49 விழுக்காடு, ரெய்லா 48.85. 2007ஐப் போலவே மயிரிழை. ஆணையர் ஏழு பேரில் நால்வர் முடிவை ஏற்க மறுத்து வெளியே வந்தனர், பெரும் பூசல். ரெய்லா ஏற்கவில்லை, நீதிமன்றம் போனார், செப்டம்பர் 5இல் நீதிமன்றம் முடிவை உறுதி செய்தது, உடன்பாடில்லை, ஆயினும் தீர்ப்பை மதிக்கிறேன் என்றார். மாதா கோயில் எரியவில்லை. தாளைக் கண்ணால் கண்டவனுக்குத் தோல்வி கசந்தது. ஆனால் இருட்டில் கழுத்தறுத்தார்கள் என்று அவனை நம்ப வைப்பது எளிதாக இல்லை.

நம் வாக்குச்சாவடி முகவர்களுக்கு இதிலே ஒரு வேலை இருக்கிறது. வாக்குப்பதிவு முடிந்ததும் 17சி படிவம் என்று ஒரு தாள் தருகிறார்கள். அந்தச் சாவடியில் பதிவான வாக்கு எத்தனை என்ற கணக்கு அதிலே. அதை வாங்காமல், பசி என்றும் பஸ் போய்விடும் என்றும் கிளம்பிவிடுகிற தோழர்கள் உண்டு. நள்ளிரவானாலும் வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வரவேண்டும். மறுநாள் தெருவில் எவனாவது வதந்தியைக் கிளப்பினால், பதிலுக்கு நாமும் ஒரு வதந்தியைக் கிளப்ப வேண்டியதில்லை; தாளை விரித்துக் காட்டினால் போதும். வென்ற ஊரில் தோற்றவன் வீட்டு வாசலில் வெடி வைக்கிற வீணர்கள் நம் பக்கத்திலே இருந்தால் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டும். தோற்ற ஊரிலே, முதல் நாளே அதே டீக்கடைக்குப் போய், அதே பெஞ்சில் உட்கார வேண்டும். முகத்தைத் திருப்புகிறானா? திருப்பட்டும். மறுநாளும் போக வேண்டும்.

கென்யாவிலே 2024 ஜூன் திங்கள் இன்னொன்று நடந்தது. ரொட்டி முதற்கொண்டு வரி போடும் சட்டம் ஒன்றை ரூட்டோ அரசு கொண்டுவந்தது. இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். எங்களுக்கு இனம் இல்லை, கட்சி இல்லை, தலைவர் இல்லை என்றார்கள். கட்சியும் தலைவரும் வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இயக்கம் இன்றி எழுச்சி நிலைக்காது என்பது என் கருத்து. ஆனால் இனம் இல்லை என்றார்களே, அந்தச் சொல்லைக் கேட்க 1969இல் மாண்ட எம்போயா இல்லையே என்று ஏங்கினேன். 25ஆம் நாள் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தனர். துப்பாக்கி பேசிற்று, அந்த வாரங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மறுநாள் சட்டத்தைத் திரும்பப் பெற்றார் ரூட்டோ. அன்று ஊர்வலம் நடந்த நகரங்களில் எல்டோரெட்டும் ஒன்று. ரூட்டோவின் சொந்த வட்டாரம். மாதா கோயில் எரிந்த கியம்பாவுக்கு அருகே உள்ள அதே எல்டோரெட். கொடி பிடித்து வந்த பிள்ளைகளிடம், 2008இல் அவர்கள் தகப்பன்மார் கேட்டதுபோல், உன் பெயர் என்ன என்று அந்த ஊர்வலத்தில் யாரும் கேட்கவில்லை.